மேலத்தெரு வாகையின் கிழக்குக் கிளை

சுனையூத்து பேரூராட்சி போடிநாயக்கனூருக்கு மேற்கே, ரோடு மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. மலைக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போக வேண்டும். இறங்கி நிற்க வேண்டிய சோலி வெளியூர்க்காரர் யாருக்கும் அங்கே இருந்ததில்லை. இருந்தாலும் அதற்கென்று ஓர் அலுவலகமும், ஒரு மன்றமும், ஒரு செயல் அலுவலரும், ஒரு தலைவரும், தலைவருக்கு ஒரு கணவரும் உண்டு. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சூர்யகலா. அவருடைய கணவர் மகாராஜனைத்தான் ஊரில் எல்லாரும் தலைவர் என்று கூப்பிடுவார்கள். சூர்யகலாவைத் தலைவர் வீட்டம்மா என்பார்கள். இதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

காசிமாயன் மேலத்தெருக்காரர். ஜீப் ஓட்டுகிறார். விடியுமுன் தெருமுனையில் வந்து நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். அவர் மனைவி மகாராணியும் அதே ஜீப்பில், அதே தோட்டத்துக்குத்தான் வேலைக்குப் போனாள். டிரைவர் மனைவி என்பதற்காக அவள் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. அது முட்டுவலிக்காரிகளுக்கு என்று பின்னால் ஏறிக்கொள்வாள்.

தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி வாகை நின்றது. அகலமான மரம். பெண்கள் காத்து நிற்பதும், ஜீப் நிற்பதும், காய்கறி வண்டி நிற்பதும் அதன் அடியில்தான். போன கோடையில் அதன் கிழக்குக் கிளை மட்டும் காய்ந்துபோனது. ஏன் என்று தெரியவில்லை. மற்றக் கிளைகள் தழைத்து நிற்க, இது ஒன்று மட்டும் பட்டை உரிந்து, சரியாகப் பெண்கள் நிற்கும் இடத்துக்கு மேலே நீண்டு கிடந்தது. காற்று அடித்தால் சுள்ளிகள் உதிர்ந்தன. ஒருநாள் மணிக்கட்டு அளவுக்கு ஒரு துண்டு விழுந்து, ஒரு பெண்ணின் தூக்குச்சட்டி நசுங்கியது. அன்று அவள் மத்தியானம் சாப்பிடாமல் காயெடுத்தாள்.

காசிமாயன் ஏறி வெட்டினால் அரைமணி நேர வேலை. ஆனால் ஊரில் அப்படி யாரும் வெட்டுவதில்லை. முந்தின வருடம் ஒருவர் பல் துலக்குவதற்கு வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துவிட்டு, அபராதமும் கட்டி, குச்சியைக் கையில் பிடித்தபடி புகைப்படத்துக்கும் நிற்க வேண்டியிருந்தது. அந்தப் படம் அலுவலக வாசலில் இன்னும் இருக்கிறது. அதில் அவர் கொஞ்சம் சிரிப்பதுபோல் இருக்கும். அதனால் காசிமாயன் ஒரு வெள்ளிக்கிழமை, தோட்டத்துக்கு விடுமுறையாக இருந்த நாளில், சட்டையை மாற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே முதலில் இருந்தவர் எழுத்தர் முத்துக்கண்ணன். வீட்டு வரி, குடிதண்ணீர், பிறப்பு, இறப்பு எல்லாம் அவர் மேசைதான். கிளை செத்துப்போய்விட்டது, வெட்ட வேண்டும் என்று காசிமாயன் சொன்னதும், செத்தது எப்போது என்று கேட்டார். கோடையில் என்றார் காசிமாயன். பார்த்தது யார் என்று கேட்டார். தெருவே பார்த்தது என்றார். முத்துக்கண்ணன் நல்ல மனிதர். உதவி செய்யத்தான் நினைத்தார்.

"அண்ணே, முழு மரமும் செத்துப்போச்சுன்னா ஒரு வழி இருக்கு. மரம் உசுரோட இருக்கு, கிளை மட்டும் செத்துருச்சுங்குறீக. அப்ப அதை உசுருன்னு எடுக்குறதா, செத்ததுன்னு எடுக்குறதா? நான் எதுல வைக்கட்டும்?"

எதில் வைத்தாலும் சரி என்றார் காசிமாயன். முத்துக்கண்ணன் அவரைச் செயல் அலுவலர் பிரபாகரனின் அறைக்கு அனுப்பிவைத்தார்.

பிரபாகரன் படித்தவர். பேசுவதில் அவருக்கு விருப்பம் உண்டு. காசிமாயனை உட்காரச் சொன்னார். அதுவே காசிமாயனுக்குப் பயமாக இருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார்.

"நீங்க அதைக் கிளைன்னு பாக்குறீங்க காசிமாயன். நாங்க நிழல்னு பாக்குறோம்."

"அது காஞ்சு போச்சுங்க சார். நிழல் விழுகுறதில்ல."

"இப்ப விழுறதில்ல" என்றார் பிரபாகரன். பிறகு நிதானமாக விளக்கினார். "இன்னிக்கு நீங்க கிளையை வெட்டணும்னு வர்றீங்க. நாளைக்கு ஒருத்தர் குப்பையை அள்ளணும்னு வருவார். மறுநாள் இன்னொருத்தர் குழாய்ல தண்ணி வரணும்னு வருவார். கேக்குறவங்க கேட்டதையெல்லாம் செஞ்சுட்டா, அப்புறம் நிர்வாகம்னு ஒண்ணு எதுக்கு?"

காசிமாயன் யோசித்துப் பார்த்தார். அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. சரிங்க சார் என்றார். நேரில் வந்து பார்வையிடுவதாகப் பிரபாகரன் வாக்குக் கொடுத்தார்.

பார்வையிட வந்தபோது காசிமாயனின் ஜீப்பில்தான் வந்தார்கள். அலுவலக ஜீப்புக்கு டயர் மாற்ற அனுமதி கேட்டு எழுதியிருந்தார்கள், அனுமதி வந்து சேரவில்லை. பிரபாகரன், முத்துக்கண்ணன், தலைவர் மகாராஜன் மூவரும் இறங்கினார்கள். காசிமாயன் வழக்கம்போல மரத்தடியில் ஜீப்பை நிறுத்தியிருந்தார். மூவரும் மேலே பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தெருவைத் தாண்டி எதிர்ச்சாரியில் ரேஷன் கடை வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்கள். அங்கிருந்தபடியே பார்வையிட்டார்கள். கிளைக்கு அடியில் நின்று அளந்து பார்க்க வேண்டும் என்று விதி இருப்பதாக முத்துக்கண்ணன் சொன்னார். அந்த இடம் இப்போது பாதுகாப்பாக இல்லை என்று பிரபாகரன் சொன்னார். எனவே அந்த இடம் பாதுகாப்பானதும் அளப்பது, அளந்ததும் கிளை ஆபத்தானதா என்று முடிவெடுப்பது என்று அங்கேயே தீர்மானித்தார்கள். காசிமாயன் அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் அலுவலகத்தில் விட்டார்.

அதற்கடுத்த மன்றக் கூட்டத்தில் மேலத்தெரு வாகை பேசப்பட்டது. காசிமாயன் வெளியே நின்று கேட்டார். ஊருக்குள் ஒரு மரத்தைப் பற்றி ஒரு குடிமகன் தானாக முன்வந்து அலுவலகத்துக்கு வந்தது இதுவே முதல்முறை என்று பிரபாகரன் மன்றத்தில் சொன்னார். அந்த ஆர்வத்தை வீணாக்கக்கூடாது என்றார். மன்றம் ஏகமனதாக அந்த மரத்தைப் பாரம்பரிய மரம் என்று அறிவித்தது. கிளை என்ற சொல் தீர்மானத்தில் வரவில்லை. மரத்தைச் சுற்றி வட்டமாகச் சிமெண்டு மேடை கட்டுவது, பெஞ்சு போடுவது, வண்ண விளக்கு மாட்டுவது என்று முடிவாயிற்று. பொதுமக்கள் மரத்தடியில் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது நோக்கம்.

வீட்டில் காசிமாயன் இதைச் சொன்னபோது மகாராணி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கிளையை எப்போது வெட்டுவார்கள் என்று கேட்டாள். பெஞ்சு போடுகிறார்கள் என்று அவர் சொன்னார். அவள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெஞ்சு எந்தப் பக்கம் என்று கேட்டாள். கிழக்குப் பக்கம் என்றார். வெயில் படாத பக்கம் பார்த்துப் போடச் சொல்லியிருந்தார்கள். வெயில் எந்தப் பக்கம் படுகிறது என்று பார்க்க வந்தவர் மத்தியானம் வந்திருந்தார்.

மேடை கட்டி முடிந்து திறப்புவிழா நடந்தது. விருந்தினர்களுக்கான பந்தலை எதிர்ச்சாரியில் போட்டார்கள். மரத்தடியில் முக்கியமானவர்கள் உட்கார வேண்டாம் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். ரிப்பனையும் நீளமாக வாங்கி, ஒரு நுனியை மேடையில் கட்டி, மறு நுனியைத் தெரு தாண்டிக் கொண்டுவந்து பந்தலுக்குள் வைத்துக் கத்தரித்தார்கள். பெண்கள் மட்டும் புது மேடையில் உட்கார வைக்கப்பட்டார்கள். விழா முடிந்த பிறகுதான் குழாயில் தண்ணீர் திறக்கப்படும் என்று சொல்லியிருந்ததால் கூட்டம் நன்றாகவே இருந்தது. எல்லார் கையிலும் குடம் இருந்தது.

தலைவர் மகாராஜன் பேசினார். தலைவர் வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இந்த மரத்தை நான் நட்டேன்னு சொல்ல மாட்டேன். எங்க அப்பா நட்டாருன்னும் சொல்ல மாட்டேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த மரம் இம்புட்டு உசரம் வளந்த காலம் பூரா, நாங்க ஒருநாள்கூட அதைத் தடுக்கல."

கைதட்டினார்கள். பிரபாகரன் நன்றியுரையில் காசிமாயன் பெயரைச் சொல்லி, எழுந்து நிற்கச் சொன்னார். காசிமாயன் எழுந்து நின்றார். அவர் நின்ற இடம் கிளைக்கு நேர் கீழே இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் ஜீப்பை ரேஷன் கடைப் பக்கம் நிறுத்தினார். பெண்களையும் அங்கே வந்து நிற்கச் சொன்னார். கொஞ்ச நாள் அப்படி ஓடியது. பிறகு முத்துக்கண்ணன் வீட்டுக்கே வந்து, சங்கடத்தோடு ஒன்று சொன்னார். மேடை கட்டியும் அதில் யாரும் உட்காரவில்லை என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம். மேடையை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் அடுத்த வேலைக்கு நிதி வராதாம். மேடை அருகே 'ஜீப் நிறுத்துமிடம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள், இனி வேறு இடத்தில் நிறுத்தினால் ஜீப்பைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

"எனக்கும் பிடிக்கலண்ணே. சொல்லச் சொன்னாக, சொல்லிட்டேன்."

காசிமாயன் பலகைக்குக் கீழே நிறுத்தினார். பெண்கள் மேலே பார்த்தபடி வந்து, ஜீப்பில் ஏறுகிறவரை மேலே பார்த்தபடியே நின்றார்கள். கழுத்து வலிக்கிறது என்று முட்டுவலிக்காரிகள் முதலில் விட்டார்கள். பிறகு எல்லாருமே விட்டுவிட்டார்கள். தினமும் பயப்பட முடியவில்லை.

ஆடிக்காற்று அந்த வருடம் மலைக் கணவாய் வழியாக முரட்டுத்தனமாக இறங்கியது. காயெடுப்பு தொடங்க இருந்த நேரம். அதிகாலையில் காசிமாயன் ஜீப்பை மரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தி, பின்பக்கத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் காத்து நின்றார்கள். முதலில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. யாரோ பாயை உதறியதுபோல் காற்று ஒருமுறை அசைந்தது. கிழக்குக் கிளை அடியோடு இறங்கியது. பெஞ்சின் முதுகில் பட்டு இரண்டாக முறிந்து, ஒரு பாதி தெருவின் குறுக்கே விழுந்தது. மறுபாதி மகாராணியின் வலது தோளில் விழுந்தது.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்தாள். தூக்குச்சட்டியை இடது கையால் நிமிர்த்தி வைத்தாள். அதிலிருந்து ரசம் ஒழுகிக்கொண்டிருந்தது. பெண்கள்தான் கத்தினார்கள். காசிமாயன் அவளைத் தூக்கப் போனபோது, "தொடாதீக, எலும்பு உள்ள நகருது" என்று மெதுவாகச் சொன்னாள்.

தெருவின் குறுக்கே கிளை கிடந்ததால் ஜீப்பை வெளியே எடுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கட்டிலைக் கொண்டுவந்து, நான்கு பெண்கள் அவளை அதில் கிடத்தித் தூக்கிப் பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோய், லோடு இறக்கிவிட்டு வந்த ஒரு வண்டியை நிறுத்தி ஏற்றினார்கள். காறை எலும்பும் தோள்மூட்டும் உடைந்திருப்பதாகத் தேனியில் டாக்டர் சொன்னார். தகடு வைத்தார்கள். கை கூடும், ஆனால் தோளுக்கு மேலே எழும்பாது என்றார்கள்.

பிரபாகரன் ஆஸ்பத்திரிக்கே வந்தார். சாத்துக்குடிப் பையும் ஒரு புகைப்படக்காரரும் கூட வந்தார்கள். பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, நல்லவேளை, பெரிய சேதம் ஒன்றும் இல்லை என்றார். மகாராணி தன்னைச் சொல்கிறார் என்று நினைத்து, வலிக்கத்தான் செய்யுது சார் என்றாள். அவர் மரத்தைச் சொல்லியிருந்தார்.

விசாரணை நடந்தது. பாரம்பரிய மரம் ஒன்றுக்குச் சேதம் ஏற்பட்டிருந்தது, அதற்கு யாராவது காரணமாக இருந்தாக வேண்டும். காற்றைச் சொல்லலாமா என்று முத்துக்கண்ணன் கேட்டுப் பார்த்தார். காற்று மேற்கே மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அது பேரூராட்சி எல்லைக்குள் வராது என்று பிரபாகரன் சொன்னார். கிளை தானாக விழுந்ததையும் குற்றமாகச் சொல்ல முடியாது, அது தீர்மானத்தின்படி பாதுகாக்கப்பட்ட கிளை. மிஞ்சியது கிளை இரண்டாக முறிந்தது. அது பெஞ்சிலும் மகாராணி மேலும் பட்டு முறிந்ததாக எழுதிக்கொண்டார்கள். பெஞ்சு பேரூராட்சிச் சொத்து.

காசிமாயனை அழைத்து இதைப் பக்குவமாகச் சொன்னார்கள். அபராதம் கிடையாது. அபராதம் போட மனசு வரவில்லை என்றார் பிரபாகரன். மரத்துக்குச் சேதம் செய்தவர் பத்து மரக்கன்று நட்டு வளர்க்க வேண்டும் என்பதுதான் விதி. மகாராணி மேலத்தெருவில் நட்டு வளர்த்தால் போதும்.

"இதைத் தண்டனைன்னு நினைக்காதீங்க. எல்லாருக்கும் கிடைக்காது இந்த வாய்ப்பு."

காசிமாயன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வர வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. சரிங்க சார் என்றார்.

குழிகளை அவர் தோண்டினார். கழுத்தில் தொட்டில் கட்டிய கையோடு மகாராணி இடது கையால் தண்ணீர் ஊற்றினாள். அந்த வாரம் மேலத்தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை. குழி தோண்டும்போது குழாய் எங்கே போகிறது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அது காசிமாயனின் கடப்பாரைக்குத்தான் முதலில் தெரிந்தது. அதற்கும் ஒரு விசாரணை உண்டு என்றார்கள். பிறகு மறந்துவிட்டார்கள், குழாயையும் சேர்த்து. மூன்று தெரு தள்ளிப்போய் மகாராணி கன்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

முறிந்து கிடந்த கிளையை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. பாரம்பரிய மரத்தின் பாகம் என்பதால் ஏலம் விட்டுத்தான் அகற்ற வேண்டும். ஏலத்துக்கு யாரும் வரவில்லை. வாகை விறகு அடுப்பில் புகையும், யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் கிளை தெருவின் குறுக்கே கிடந்தது. காசிமாயன் ஆட்களைக் கூட்டி ஜீப்பைக் கிளைக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார், அதற்கப்புறம் தினமும் பெரிய ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்தார். கணக்குப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், கிளைக்குக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பட்டை அடித்து, 'வேகத்தடை, மெதுவாகச் செல்லவும்' என்று பலகை வைத்தார்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டு, மேலத்தெருவில் வாகனங்கள் வேகமாகப் போகின்றனவா என்று கேட்டார்கள். இப்போது ஒன்றுகூடப் போவதில்லை என்று பிரபாகரன் பெருமையோடு சொன்னார்.

காயெடுப்பு நடந்துகொண்டிருந்தது. காசிமாயன் தினமும் பெண்களைக் கொண்டுபோய் இறக்கினார். மகாராணியின் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்து போனாள். தோட்டத்து மலையாளி சூப்பர்வைசர் முதல் வாரம் மகாராணியை விசாரித்தார். கை சுகமாகட்டும் சேச்சி, பணி எங்கேயும் போகாது என்று சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் விசாரிக்கவில்லை. செடியின் தூரில் குனிந்து, இரண்டு கையாலும் காய் பறித்து, கூடையைத் தலைக்குத் தூக்குகிற வேலை அது. தோளுக்கு மேலே எழும்பாத கையை வைத்துக்கொண்டு அங்கே செய்ய ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒரு சாயங்காலம் காசிமாயன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கே நான் அருவாள எடுத்து ஏறியிருக்கணும்."

"ஏறியிருந்தா உங்களயும் போட்டோ புடிச்சு மாட்டியிருப்பாக."

"மாட்டியிருந்தா என்ன."

மகாராணி இடது கையால் அவருக்குக் குழம்பு ஊற்றினாள். கொஞ்சம் கீழே சிந்தியது. "ஒண்ணுமில்லதான்" என்றாள். அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

கன்றுகளை ஆடுகள் தின்றன. சுற்றி வைத்த இரும்புக் கூண்டுகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு கூண்டிலும் மகாராஜன் கும்பிடுகிற படம் இருந்தது. மகாராணி, கன்று செத்துவிட்டது என்று முத்துக்கண்ணனிடம் போய்ச் சொன்னாள். கூண்டு இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருக்கிறது என்றாள். கூண்டைத்தான் எண்ணுவார்கள் என்றும், அவள் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றும், யாராவது வந்து பார்த்தால் கேட்பார்கள் என்றும் சொன்னார். அவள் வெறுங்கூண்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றி வந்தாள். நனைந்த மண்ணில் புல் முளைத்தது. அதையும் ஆடுகள் தின்றன.

கூண்டுகளை எண்ணிப் பார்த்தவர்கள், அந்தப் பக்கத்துப் பேரூராட்சிகளிலேயே சுனையூத்துதான் பசுமையானது என்று விருது கொடுத்தார்கள். விழா போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மகாராணிக்குப் 'பசுமைத் தாய்' என்று பட்டம். காசிமாயன்தான் ஜீப்பில் எல்லாரையும் கூட்டிப்போனார். மேடையில் மகாராஜன் அவளுக்குச் சால்வை போர்த்தினார். அது வலது தோளிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் புகைப்படக்காரர். அவளால் முடியவில்லை. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"எனக்குக் கை தூக்க வரலைங்க" என்றாள் மகாராணி. வேறு என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்து, "காயெடுப்பு முடியப் போகுது" என்றாள்.

பிரபாகரன் மைக்கை வாங்கிக்கொண்டார். தன் கையே தூக்க முடியாத அளவுக்கு இந்த ஊரின் பசுமையைச் சுமந்தவர் இவர் என்று சொன்னார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. கீழே காசிமாயனுக்குப் பக்கத்தில் இருந்தவர், அந்த அம்மா யார், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். எங்க ஊருதான் என்றார் காசிமாயன்.

விருதோடு பராமரிப்பு நிதியும் வந்தது. அதை எதற்குச் செலவிடலாம் என்று மன்றம் கூடிப் பேசியது. மேலத்தெருவில் ஒரு பெண்மணிக்கு நேர்ந்த துயரம் இனி யாருக்கும் நேரக்கூடாது என்று மகாராஜன் குரல் தழுதழுக்கச் சொன்னார். அவர் உண்மையாகவே கலங்கியிருந்தார் என்றுதான் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு கிளை விழுந்தது என்றால் மற்றக் கிளைகளும் ஒருநாள் விழக்கூடியவைதான் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தார்.

மரம் வெட்டும் இயந்திரம் தேனியிலிருந்து வந்தது. வரும் வழியில் வேகத்தடை குறுக்கே கிடந்ததால், அதை முதலில் அறுத்து ஓரமாகத் தள்ளினார்கள். அதற்கு ஏலம் தேவைப்படவில்லை. பிறகு வாகையை மேலிருந்து கீழாக, பச்சைக் கிளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். தெரு முழுக்க இலை. பொழுது சாயும்போது இலைகள் வழக்கம்போல மடங்கிக்கொண்டன. மறுநாள் விரியவில்லை. மேடையும் பெஞ்சும் வண்ண விளக்கும் நடுவில் ஓர் அடிக்கட்டையைச் சுற்றி அப்படியே இருந்தன. பாரம்பரிய மரம் என்ற கல்வெட்டும் இருந்தது. அதை எடுக்கத் தனித் தீர்மானம் வேண்டும்.

பிரபாகரன் போன் செய்தார். அவர் குரலில் நிறைவு இருந்தது.

"நீங்க கேட்டது ஒரு கிளைதானே காசிமாயன். நாங்க மரத்தையே எடுத்துட்டோம். திருப்திதானே?"

காசிமாயன் மலையேற்றத்தில் ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தித்தான் போனை எடுத்திருந்தார். பின்னால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திருப்திங்க சார் என்றார். அந்த இடத்தில் வெயில் அதிகமாகிவிட்டதாகப் புகார் வருகிறது, நிழற்குடை கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுங்கள், உங்கள் கையால் கொடுத்தால் ராசியாக இருக்கும் என்றார் பிரபாகரன். காசிமாயன் வளைவில் சிக்னல் போய்விட்டது என்று நினைக்கும்படி போனை அணைத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒருநாள் சாயங்காலம் கீழத்தெரு ராக்கையா வீடு தேடி வந்தார். அவர் கோழித்தீவனம் விற்கிறவர். காசிமாயனுக்கு மாப்பிள்ளை முறை. அவர் வீட்டுச் சுவரை ஒட்டித் தெருவில் ஒரு புங்கை நிற்கிறது, அதில் ஒரு கொப்பு காய்ந்துவிட்டது, கீழே அவருடைய பேத்தி விளையாடுகிறாள். ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று காசிமாயனுக்குத்தான் நெளிவுசுளிவு தெரியும் என்று ஊரில் சொன்னார்களாம்.

மகாராணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவந்தாள்.

ராக்கையா காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு காசிமாயன் மெதுவாகக் கேட்டார்.

"மாப்ளே, உங்க தெருவுல மரம் இருக்குன்னு ஆபீசுல யாருக்காச்சும் தெரியுமா?"

ராக்கையா யோசித்தார். "தெரியாதுன்னுதான் நெனக்கிறேன். அந்தப் பக்கம் யாரும் வந்ததே இல்லையே."

"அப்ப வெரசா வீட்டுக்குப் போ. கொப்ப வெட்டி அடுப்புல வச்சிரு. யாரும் கேட்டா, எங்க தெருவுல மரமே கெடையாதுன்னு சொல்லிரு."

ராக்கையா சரி என்று எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரிடம், உள்ளே இருந்து மகாராணி ஒன்று சொன்னாள்.

"அண்ணே, பேத்தியும் இல்லன்னு சொல்லிருங்க."